தனியாள் பாத்திரமேற்பு ஆட்டம்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகி ஆடும் மேசை விளையாட்டை ஒருவரே ஆடும் முறை. 1976இல் அமெரிக்காவில் ரிக் லூமிஸ் எழுதிய ‘பஃபலோ காசில்’ இவ்வகையின் முன்னோடி. அது ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற மேசை ஆட்டத்துக்கான நூல். அதில் ஒவ்வொரு தேர்வும் குறியிட்ட இன்னொரு பத்திக்கு அனுப்பும். இரண்டாம் முறை ஆடினால் பாதி ரகசியம் போய்விடும். 2003இல் வந்த ‘மிதிக்’ என்ற ஆட்டம் வேறு வழி கண்டது: கேள்வியைப் பகடையிடமே கேட்பது. “காவலன் விழித்திருக்கிறானா?” அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஆடுபவரே மதிப்பிட்டு, இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டினால் ஆம், இல்லை என்று விடை வரும். அவன் ஏன் விழித்திருக்கிறான் என்பதைப் பகடை சொல்லாது. ஆடுபவர்தான் புனைய வேண்டும். சுவையே அதில்தான். பலர் தம் ஆட்டத்தை நோட்டுப்புத்தகத்தில் கதையாகவே எழுதி வைக்கிறார்கள். ஷான் டாம்கினின் ‘அயர்ன்ஸ்வார்ன்’ (2018) தனியாட்டத்தை மனத்தில் வைத்தே விதிகளை அமைத்தது.