முதுமையும் மருத்துவமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



"வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும்" என்னும் சொல் நம் இல்லங்களில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. தந்தைக்கு மூச்சு வாங்கினாலும், தாய்க்கு நினைவு தடுமாறினாலும் இதுவே பதிலாகிவிடுகிறது. இச்சொல் எவ்வளவு பெரிய தவறு என்பதை மருத்துவ வரலாறு நமக்கு எடுத்துரைக்கிறது.

முதியோரின் உடலைத் தனியே கவனிக்க வேண்டும் என்பது புதிய சிந்தனையன்று. கி.பி. 1037-ல் மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' மருத்துவ நூலில் முதியோருக்குரிய உணவு, எண்ணெய் தேய்த்தல், மிதமான உடற்பயிற்சி ஆகியவற்றைத் தனியே விளக்கியுள்ளார். ஹிஜ்ரி 683-ல் (கி.பி. 1284) சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை, ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற பேதமின்றி அனைவருக்கும் வக்ஃபு வருமானத்தால் சிகிச்சை அளித்தது.

எனினும் 'முதியோர் மருத்துவம்' ஒரு தனித்துறையாக உருவானது இருபதாம் நூற்றாண்டில்தான். அமெரிக்க மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் மாணவராக இருந்தபோது, ஏழைகள் விடுதியில் துன்புற்ற மூதாட்டி ஒருவரைப் பற்றி வினவியதற்கு, "அவருடைய நோய் முதுமை, செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மூத்த மருத்துவர் கூறினாராம். அந்தப் பதிலை நாஷரின் மனம் ஏற்கவில்லை. 1909-ல் இத்துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அவரே.

1935-ல் லண்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், ஏழைகள் விடுதியிலிருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத முதியோர். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, வகைப்படுத்தி, நடைப்பயிற்சி அளித்தார். இனி எழமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்தோரில் பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினர்.

இந்தியாவில் இப்பணிக்கு வித்திட்ட இடம் நமது சென்னை என்பது பெருமைக்குரியது. இங்கிலாந்தில் இத்துறையைப் பயின்று திரும்பிய டாக்டர் வ.செ. நடராசன் அவர்களின் முயற்சியால், 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1988-ல் படுக்கைகளுடன் உள்நோயாளர் பிரிவும், 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான எம்.டி. பட்டப்படிப்பும் வந்தன. நாட்டின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியரான அவருக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இத்துறை கற்பிக்கும் முக்கியமான பாடம் ஒன்றுண்டு. முதுமையில் நோய் மாறுவேடத்தில் வரும். காய்ச்சலே இன்றி நிமோனியா வரலாம். நெஞ்சுவலியே இன்றி மாரடைப்பு வரலாம். திடீர்க் குழப்பம், அடிக்கடி கீழே விழுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை மட்டுமே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கலாம். பல மருத்துவர்களிடம் பெற்ற மாத்திரைகளை ஒருசேர உண்பதாலும் தடுமாற்றம் வரும். இவற்றுள் பலவும் உரிய சிகிச்சையால் சீராகக் கூடியவை.

இனி நமது ஊரை நோக்குவோம். 1925-ல் குலாம் காதர் அவர்கள் நிறுவிய பேபி நிட்டிங்கே திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி எனக் கூறப்படுகிறது. அதன்பின் இவ்வூரை வளர்த்தவர்கள் கட்டிங் மேசையிலும் தையல் மெஷினிலும் சாயப்பட்டறையிலும் உழைத்தவர்கள். அவர்களுள் ஒரு தலைமுறையினர் இன்று நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். நூற்பாலையில் பஞ்சுத் தூசியைப் பல்லாண்டு சுவாசித்தவரின் இருமலை முதுமை என்று தள்ளிவிடலாகாது. அது நுரையீரல் நோயாக இருக்கலாம்.

மகன் ஒரு ஷிப்டை விட்டால்தான் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடியும் என்பதும், அந்த ஒரு நாள் கூலி எத்தனை பெரிது என்பதும் நாம் அறியாததன்று. ஆகவே இது ஒரு வீட்டின் கடமையாக மட்டும் நின்றுவிடலாகாது. முஹல்லா வாலிபர்கள் முறை வைத்து முதியோருடன் துணைக்குச் செல்லலாம். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் காட்டச் செய்யலாம். அரசு மருத்துவமனையின் வரிசையில் அவர்களுக்காக நிற்கலாம். கலாவூனின் மருத்துவமனையை நடத்தியது செல்வந்தரின் வக்ஃபு. நம்மிடம் இருப்பது நேரம் என்னும் வக்ஃபு.

நாஷர் மாணவராக இருந்தபோது கேட்ட "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னும் பதில், நம் முஹல்லாவில் எந்த மூத்தவரின் காதிலும் விழாதிருக்கட்டும். அல்லாஹ் நம் பெரியோர்களுக்கு ஆஃபியத்தையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.