மியூசியம் வீட்டுக்கு வந்த கதை

2020 மார்ச் 13. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கூரையிலிருந்து தொங்கும் 94 அடி நீலத் திமிங்கிலத்தை அண்ணாந்து பார்க்க ஆளில்லை. டைனோசர் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்று கூச்சல் போடும் பள்ளிக் குழந்தைகளும் இல்லை. அடுத்த சில நாட்களில் வாஷிங்டன், லண்டன், சிகாகோ என்று உலகின் பெரிய இயற்கை வரலாற்று மியூசியங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. விஞ்ஞானிகள் தங்கள் வீட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கொரோனாதான் மியூசியங்களை ஆன்லைனுக்கு இழுத்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வாசலுக்கு வர முடியாதவர்களைத் தேடி மியூசியம் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு நூற்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகள் கூடவே வந்தன. வெளியே நிற்பவர்கள் யார்? அவர்களை உள்ளே அழைக்கும் செலவு யாருடையது?

விளக்கு வெளிச்சத்தில் ஒரு வகுப்பு

நியூயார்க் மியூசியத்தின் மூல புருஷர் ஆல்பர்ட் பிக்மோர். ஹார்வர்டில் லூயி அகஸி என்ற புகழ்பெற்ற இயற்கை அறிஞரிடம் படித்தவர். நியூயார்க்கில் ஒரு பெரிய இயற்கை வரலாற்று மியூசியம் வேண்டும் என்று பணக்காரர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். 1869இல் அவர் கனவு பலித்தது. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டின் அப்பாவும், வங்கி அதிபர் ஜே.பி. மார்கனும் நிறுவனர்களில் சேர்ந்தார்கள். இப்போதைய இடத்தில் எழுந்த முதல் கட்டடத்துக்கு 1874இல் ஜனாதிபதி கிராண்ட் அடிக்கல் நாட்டினார். 1877இல் ஜனாதிபதி ஹேய்ஸ் திறந்து வைத்தார்.

இரண்டு ஜனாதிபதிகள் வந்து போன இடத்துக்கு, திறந்த பிறகு கூட்டம் வரவில்லை! அந்த நாளில் அது ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல். போக்குவரத்து வசதியும் சரியாக இல்லை.

பிக்மோர் ஒரு வழி கண்டுபிடித்தார். பொதுமக்கள் வராவிட்டால் ஆசிரியர்களைப் பிடிக்கலாம். ஒரு ஆசிரியர் கற்றுக்கொண்டால் அவர் வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்ட மாதிரி. 1880களில் அவர் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்த ஆரம்பித்தார். கண்ணாடித் தகட்டில் பதித்து, கையால் வண்ணம் தீட்டிய படங்களை விளக்கு வெளிச்சத்தில் திரையில் பெரிதாகக் காட்டினார். இன்றைய பவர்பாயின்ட்டின் கொள்ளுத் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

நியூயார்க் மாநில அரசு இதைக் கவனித்தது. 1884இல் ஆசிரியர் வகுப்புகளுக்காக மியூசியத்துக்குப் பணம் ஒதுக்கியது. கூட்டம் பெருகியது. படத் தகடுகளின் பிரதிகள் மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கும் போயின. நியூயார்க் நகரத்தைக் கண்ணால் பார்க்காத மாணவர்கள்கூடத் தங்கள் பள்ளிச் சுவரில் யானையையும் எரிமலையையும் பார்த்தார்கள். பொருள் மியூசியத்திலேயே இருக்கும், அதன் உருவம் மட்டும் ஊர் ஊராகப் போகும். இன்றைய ஆன்லைன் நிகழ்ச்சிக்கும் இதுதான் அடிப்படை.

ஞாயிற்றுக்கிழமைத் தகராறு

அதே காலத்தில் அதே மியூசியத்தில் இன்னொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தைத் திறப்பதா, வேண்டாமா?

தொழிலாளர்கள் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்த காலம் அது. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அன்றைக்கு மியூசியம் பூட்டியிருந்தால் அவர்களைப் பொறுத்தவரை அது வருடம் முழுவதும் பூட்டியிருப்பதற்குச் சமம். ஆனால் அறங்காவலர்களில் பக்தி மிகுந்தவர்கள், ஞாயிறு ஓய்வுக்கும் வழிபாட்டுக்குமான நாள், அன்று கண்காட்சி கூடாது என்று எதிர்த்தார்கள்.

கட்டடமும் நிலமும் நகரத்தின் பொதுப் பணத்தில் வந்தவை. உள்ளே இருந்த பொருட்கள்தான் தனியார் பணத்தில் சேர்ந்தவை. எங்கள் வரிப் பணத்தில் கட்டிய இடத்துக்கு எங்களால் வர முடியவில்லை என்றால் எப்படி என்று கேட்டார்கள் மக்கள். நியாயமான கேள்விதானே? கடைசியில் 1892இல் ஞாயிற்றுக்கிழமைக் கதவு திறந்தது.

இந்தச் சம்பவம் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு மியூசியம் திறந்திருக்கிறதா என்பதை அதன் கதவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யாருடைய நேரத்துக்கு, யாருடைய வசதிக்கு அது திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிகாகோவின் ஃபீல்டு மியூசியம் 1912இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஹாரிஸ் என்ற வங்கியாளர் கொடுத்த நன்கொடையில் பள்ளிகளுக்கான ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. பறவைகள், பூச்சிகள், செடிகள் ஆகியவற்றைச் சிறு கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இயற்கைக் காட்சி போல அமைத்து, பள்ளி பள்ளியாகச் சுற்றுக்கு அனுப்பினார்கள். நூலகப் புத்தகம் மாதிரி இரவல் பறவை!

திரை மாறியது

1990களில் இணையம் வந்தபோது முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத் தொல்லுயிர் அருங்காட்சியகமும் ஒன்று. அது ஆராய்ச்சிக்கான மியூசியம். அலமாரிகளில் ஏராளமான புதைபடிவங்கள் இருந்தன. மக்களுக்குக் காட்டும் கூடங்கள் மிகக் குறைவு. இடம் இல்லாத அந்த மியூசியத்துக்கு வலைத்தளமே காட்சிக்கூடம் ஆனது.

நியூயார்க் மியூசியம் மறுபடியும் ஆசிரியர்களிடமே போனது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆசிரியர்களுக்கென ஆன்லைன் அறிவியல் வகுப்புகளை ஆரம்பித்தது. ஒவ்வொரு வகுப்பும் ஆறு வாரம். மியூசியத்தின் விஞ்ஞானிகளோடு எழுத்து மூலம் விவாதிக்கலாம். பிக்மோர் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், பதில் பேசும் வசதிதான். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்த ஆசிரியர், இப்போது திருப்பிக் கேள்வி கேட்டார்.

2013 ஒரு முக்கியமான வருடம். அந்த வருடம் நியூயார்க் மியூசியம் கோர்செரா மூலம் உலகம் முழுவதற்கும் பாடங்களைத் திறந்தது. சிகாகோவின் ஃபீல்டு மியூசியம், யூட்யூபில் மியூசியத்தின் பின்கட்டைச் சுற்றிக் காட்டிய எமிலி கிராஸ்லி என்ற இளம்பெண்ணைத் தன்னிடமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே வருடம் 'நோட்ஸ் ஃப்ரம் நேச்சர்' என்ற திட்டமும் தொடங்கியது. பழைய செடி, பூச்சி மாதிரிகளில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளின் படங்களை இணையத்தில் போட்டார்கள். கிறுக்கல் கையெழுத்தைப் படித்து ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதுவரை பார்வையாளராக இருந்தவர் இப்போது மியூசியத்தின் வேலையில் பங்காளி ஆனார்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. காட்சிக்கு வைத்திருப்பது அதில் துளியூண்டு. மீதியெல்லாம் அலமாரியில். நேரில் போகிறவரும் பார்க்க முடியாத பொருட்கள் அவை. இந்தக் கோணத்தில் பார்த்தால் ஆன்லைன் என்பது வெறும் மாற்று ஏற்பாடு இல்லை. வாசல் வழியாகப் போனாலும் கிடைக்காத ஒன்றை அது கொடுக்கிறது.

படம் போதுமா?

படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் அது பொருள் ஆகுமா என்று கேட்பவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியூயார்க் மியூசியம் பார்வையற்ற குழந்தைகளை அழைத்து, பாடம் செய்த விலங்குகளைத் தொட்டுப் பார்க்க வைத்தது. அந்தத் தொடுதலை எந்தத் திரையும் தர முடியாது.

ஆனால் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரேசிலின் ரியோ நகரில், 1818இல் தொடங்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. அங்கே சுமார் 2 கோடி பொருட்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பல். உடனே அந்த ஊர் அருங்காட்சியியல் மாணவர்கள், மியூசியத்தில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று உலகத்திடம் வேண்டுகோள் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. யாரோ சுற்றுலா வந்தபோது விளையாட்டாக எடுத்த படம், ஒரு பொருள் இந்த உலகத்தில் இருந்ததற்கே சாட்சியாக நின்றது.

படம் பொருளுக்கு ஈடாகாது. பொருளே போன பிறகு படம்தான் மிச்சம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

2020இல் ஆன்லைன் நிகழ்ச்சிகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் டிக்கெட் கவுன்ட்டர் மூடிக் கிடந்தது. அந்த வருடம் மே மாதம் நியூயார்க் மியூசியம் சுமார் 200 முழுநேர ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. இன்னும் பலர் சம்பளம் இல்லாத விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மியூசியத்தின் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த அதே மாதங்களில், அந்த மியூசியத்தை நடத்தியவர்கள் வேலையை இழந்தார்கள்.

பார்ப்பவருக்கு இலவசம் என்பதால் அது செலவில்லாத காரியம் ஆகிவிடாது. கேமரா, இணைய வசதி இவற்றைவிட, அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்த மனிதருக்குத்தான் சம்பளம் வேண்டும். பிக்மோரின் இலவச வகுப்புக்கு மாநில அரசு பணம் கொடுத்தது. ஹாரிஸ் பெட்டிகளுக்கு ஒரு வங்கியாளர் கொடுத்தார். பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தபோதெல்லாம்தான் மியூசியம் வெளியே வந்திருக்கிறது. ஆன்லைன் யுகத்திலும் அந்த விதி மாறவில்லை.

மதராஸிலிருந்து போன செடிகள்

வெளியே நிற்பவர்களில் இன்னொரு வகையும் உண்டு. மாதிரிகள் எந்த மண்ணிலிருந்து போனதோ, அந்த மண்ணின் மக்கள்.

1690களில் மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இருந்தார். சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி, லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்பவருக்கு அனுப்பினார். உள்ளூர்க்காரர்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களும், மருந்துப் பயன்களும் கூடவே போயின. தமிழை மலபார் மொழி என்று ஐரோப்பியர்கள் எழுதிய காலம் அது. பெட்டிவர் 1718இல் இறந்த பிறகு அவர் சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோனின் சேகரிப்பிலிருந்து 1753இல் பிரிட்டிஷ் மியூசியம் பிறந்தது. அதன் இயற்கை வரலாற்றுப் பகுதி 1881இல் தெற்கு கென்சிங்டனில் தனிக் கட்டடத்துக்குப் போனது. அதுதான் இன்றைய லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். மதராஸ் செடிகள் இன்றும் அங்கே, ஸ்லோனின் 265 தொகுதிகளுக்குள் இருக்கின்றன.

அந்தச் செடிகளின் பெயரைச் சொன்னவர்கள் அவை போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்திருக்க வழியில்லை. முந்நூறு வருடங்களுக்குப் பிறகு, பழைய சேகரிப்புகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் வேலை நடக்கிறது. கப்பலேறிப் போனது திரையேறித் திரும்பி வருகிறது.

ஆனால் இந்த மியூசியங்களின் ஆன்லைன் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. 1892 வரை பூட்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு, நெட் இருந்தும் ஆங்கிலம் தெரியாத குழந்தைக்கு, பூட்டியிருப்பது மொழி. அந்த மருத்துவருக்குச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்பட்டது. அந்தச் செடிகளைப் பற்றிய ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தமிழில் கேட்க முடிகிற நாளில்தான், மதராஸிலிருந்து போனவை முழுசாகத் திரும்பி வந்ததாகச் சொல்ல முடியும்.