தெருவரி கற்பிக்கும் பாடம்

பொத்துவிலிலிருந்து தம்பிலுவில் ஊடாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் தெருவில் நெல்மூடை ஏற்றிய லொறியும், வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டியும், சொகுசுக் காரும் ஒருங்கே செல்கின்றன. தெருவின் செலவை இவற்றின் உடைமையாளரிடையே எவ்வாறு பகிர்வது? இவ்வினா நமக்குப் புதியதன்று.

1847இல் கோப்பி விலை வீழ்ந்தது; அரசிறை குன்றியது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு 1848இல் வண்டில், தோணி, கடை, துப்பாக்கி, நாய் ஆகியவற்றின்மீது வரி விதித்தார். தெருச்சட்டமோ ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்கவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது. தோட்டத்துரைக்கும் ஏழைக் குடியானவனுக்கும் ஒரே அளவு! தெருக்களால் பெரும்பயன் அடைந்ததோ கோப்பித் தோட்டங்கள். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். வரிகள் சில கைவிடப்பட்டன. தெருவரி மட்டும் நிலைத்தது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்க அதனைச் செலுத்த மறுத்துப் போராடிய பின்னரே அது ஒழிந்தது.

இன்று தலைவரி இல்லை. வாகன வரி உண்டு. ஆயின் நீதியான அளவுகோல் எது? அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பரிசோதனை, அச்சின் பாரம் இருமடங்கானால் தெருவின் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்று காட்டிற்று. அவ்வாறெனின் பாரவண்டியே அதிகம் செலுத்தவேண்டும். ஆனால் அச்சுமை நெல் விளைவிப்பவன் தலையிலும் சோறுண்பவன் தலையிலுமே இறங்கும். எரிபொருள் வரியை ஏய்ப்பது கடினம். எனினும் அது செல்வனையும் வறியவனையும் வேறுபடுத்தி அறியாது. இயந்திரக் கொள்ளளவை நோக்கி இறக்குமதித் தீர்வை விதிப்பது செல்வரைத் தொடும். ஆனால் அரசியல்வாதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்ட தீர்வைச் சலுகை அனுமதிகள் பல, விலைக்கு விற்கப்பட்டதை நாடறியும்.

வரியை நிறைவேற்றுவது பொலிசாரின் வேலை மாத்திரமன்று. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காத முச்சக்கர வண்டிக்காரனை மறித்துத் தண்டம் அறவிடுதல் எளிது. சலுகை பெற்றவனை மறித்தல் அரிது. எளிதில் அகப்படுபவனிடம் மட்டும் அறவிடப்படும் வரி, எத்துணை நுட்பமாக வகுக்கப்பட்டாலும் மக்கள் மனத்தில் நீதியாகாது.

சுமக்க வல்லவன் அதிகம் சுமக்கவேண்டும். தெருவைச் சிதைப்பவன் அதற்கு ஈடுசெய்யவேண்டும். விலக்கு எவர்க்கும் விலைப்பொருளாகலாகாது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணும் இடங்கள் உண்டு. அவற்றைத் தீர்க்கும் உரிமை வரி செலுத்தும் மக்களுக்கே உரியது. 1848இல் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.