குற்றாலத்துக்கு வந்த கோகோ

சீயமங்கலம், செஞ்சிப் பக்கத்தில் விளையும் மல்லாட்டையும், நம் குடியிருப்புப் பிள்ளைகள் பாலில் கலக்கிக் குடிக்கும் கோகோவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மல்லாட்டை நம் மானாவாரி நிலத்தில் நிலைத்துவிட்டது. கோகோவால் முடியவில்லை. நிழலும் ஈரக்காற்றும் ஆண்டு முழுவதும் தண்ணீரும் கேட்கிற மரம் அது.

மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் கோகோ விதையை அரைத்து, மிளகாய் சேர்த்துக் கசப்பாகவே குடித்தார்கள். வங்கியில் வேலை பார்த்த எனக்குப் பிடித்த செய்தி, அந்த விதையே அவர்களுக்கு நாணயமாகவும் இருந்தது என்பதுதான். ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அதில் சர்க்கரை சேர்ந்தது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாய்னா தீவிலிருந்து கோகோவைக் கொண்டுவந்து நம் குற்றாலத்தில் நட்டார்கள். இந்தியாவுக்குக் கோகோ வந்தது அப்படித்தான். ஆனால் விவசாயிகளிடம் அது பரவியது 1965க்குப் பிறகு, கேட்பரி நிறுவனம் வயநாட்டில் மாதிரித் தோட்டம் அமைத்த பின்தான். இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக நிற்கிறது.

காய்கள் பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் 30, 40 விதைகள் இருக்கும். அவற்றைக் குவித்து வாழையிலையால் மூடி, அவ்வப்போது கிளறிவிட்டு, ஆறு நாள் புளிக்க வைக்கிறார்கள். சாக்லேட் மணத்துக்கு அடிப்படை அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. பிறகு வெயிலில் காய வேண்டும். விவசாயியின் வேலை இதோடு முடிகிறது.

ஆலையில் விதையை வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, விழுதாக அரைக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றார்கள். பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். அதில் சர்க்கரை, மால்ட், பால் பவுடர் சேர்ந்தால் நம் வீட்டு டப்பா.

வணிகவியல் படித்தவனுக்கு இதில் உறுத்துவது விலை. கன்று நட்டுக் காய்க்க மூன்று வருடமாகும். அதற்குள் விலை எங்கேயும் போகலாம். 1980ஐ ஒட்டி விலை சரிந்து வாங்க ஆளில்லாதபோது, கேரளத்தில் பலர் மரங்களை வெட்டிப் போட்டார்கள். அப்போது கொள்முதலில் இறங்கியது மங்களூரின் கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம். 1986இல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையே அமைத்தது. 2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததும் உலகச் சந்தையில் ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. வெட்டியவர்களுக்கு அதனால் என்ன பயன்?

அதே 2024இல் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்க வேண்டாம் என்று மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்புறம் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் சர்க்கரை எத்தனையாவது, கோகோ எத்தனையாவது என்று ஒருமுறை பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வெறும் கோகோ பவுடரும் கொஞ்சம் வெல்லமும் போட்டுக் கொடுத்தாலே போதும்.