மூச்சும் குரலும்: நடிகர் றொபேட் டோனற்

நடிகனுக்கு மூலதனம் மூச்சு. அதனைக் கட்டியாளத் தெரியாதவனின் நெடுவசனம் அரங்கின் கடைசி வரிசையைச் சென்றடையாது. அம்மூச்சே வாழ்நாள் முழுதும் பகையாய் நிற்கவும், ஆங்கில மேடையிலும் திரையிலும் இனிய குரலுக்குப் பெயர்பெற்று விளங்கியவர் றொபேட் டோனற்.

இவர் 1905ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மாஞ்செஸ்ரர் நகரின் விதிங்ரன் பகுதியிற் பிறந்தார். இளமையில் திக்குவாய் இருந்தமையால் ஜேம்ஸ் பேணாட் என்பாரிடம் பேச்சுப் பயிற்சி பெறலானார். குறை நீக்கச் சென்றவர் கலை கற்று மீண்டார். 1921இல், பதினாறு வயதில், பேமிங்காம் நகரில் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தில் லூசியஸ் என்னும் சிறு வேடம் தாங்கினார். 1924இல் சேர் பிராங் பென்சனின் குழுவிற் சேர்ந்து ஊரூராகச் சென்று சேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். அக்காலத்து நடிகர்க்கு அத்தகைய குழுக்களே கல்லூரி.

1933இல் ‘எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை’ என்ற படம் இவரை வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்தது. மறுஆண்டு ஹொலிவூட் சென்று ‘மொன்ரி கிறிஸ்ரோ பிரபு’வில் நடித்தார். ஆங்கு இவர் நடித்த படம் அஃதொன்றே. அடுத்து ‘கப்ரன் பிளட்’ படத்துக்கு ஒப்பந்தமாகியும் விலகிக்கொண்டார். அவ்வேடமேற்ற எறல் பிளின் ஒரே படத்தாற் புகழின் உச்சிக்குச் சென்றார். இங்கிலாந்திலேயே தங்கிய டோனற், 1935இல் ஹிச்கொக் இயக்கிய ‘முப்பத்தொன்பது படிகள்’ படத்தில் நடித்தார்.

ஆயின் தொய்வு நோய் விடவில்லை. 1937இல் வெளிவந்த ‘கவசமில்லா வீரன்’ படப்பிடிப்பு இவர் நோயுற்றமையால் தடைப்பட்டது. வேறொருவரை அமர்த்தும் எண்ணம் எழுந்தபோது, உடன் நடித்த மார்லீன் டீற்றிச் அதற்கு இசைந்தாரல்லர். திரையுலகில் இத்தகைய பெருந்தன்மை அரிது.

ஆசிரியர்கள் மறக்கவொண்ணாத படம் 1939இல் வெளிவந்த ‘குட்பாய் மிஸ்ரர் சிப்ஸ்’. ஜேம்ஸ் ஹில்ரன் தாம் கேம்பிறிட்ஜ் லீஸ் பாடசாலையிற் பயின்ற காலத்து ஆசிரியர் ஒருவரை நினைவிற்கொண்டு படைத்த பாத்திரம் அது. முப்பத்து மூன்று வயதினரான டோனற், கூச்சமுள்ள இளம் ஆசிரியராக நுழைந்து, 83 வயது முதியவராக முடிகிறார். முதுமையை ஒப்பனை மட்டும் தந்துவிடவில்லை. தோள் தளர்கிறது, நடை குறுகுகிறது, சொற்களுக்கிடையே மூச்சு நீள்கிறது. மூச்சின் அருமையை நோயாற் கற்றவர்க்கே இது கைகூடும் போலும். ‘கோன் வித் த விண்ட்’ பரிசுகளை அள்ளிய அவ்வாண்டில், கிளாக் கேபிள், லோறன்ஸ் ஒலிவியர் முதலியோரை விஞ்சிச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது இவர்க்கே கிடைத்தது.

இவர் நடித்த படங்கள் ஏறத்தாழ இருபதே. ஒலிவியரோடு ஒப்பிட்டு, ஆற்றலை வீணாக்கினார் என்பாரும் உளர். அது நேரிய தீர்ப்பன்று. 1953இல் ஓல்ட் விக் அரங்கில் எலியட்டின் ‘தேவாலயத்திற் கொலை’ நாடகத்தில் பெக்கற்றாக நின்றபோதும் நோய் உடனிருந்தது. ‘ஹொப்சன்ஸ் சொய்ஸ்’ படத்திற் கிடைத்த வேடமும் அதனாலேயே ஜோன் மில்ஸிடம் சென்றது. 1954இல் வந்த ‘லீஸ் ஒவ் லைவ்’ படப்பிடிப்பின்போது பிராணவாயுக் கலன்கள் அருகே வைக்கப்பட்டிருந்தன; அதில் இவர் ஏற்றது, ஓராண்டே உயிர்வாழக்கூடிய பாதிரியார் வேடம்.

இறுதியாக, ‘த இன் ஒவ் த சிக்ஸ்த் ஹப்பினஸ்’ படத்திற் சீன அதிகாரியாக, இங்கிறிட் பேர்க்மனுடன் நடித்தார். அதன் வேலை முடிந்த சிறிது காலத்தில், 1958 யூன் 9ஆம் நாள், தமது 53ஆம் வயதில் இலண்டனிற் காலமானார். படம் அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது.