திருகாணி இழந்த அதிகாரம்

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அதன் வேகத்தையும் பந்தய விருதுகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, நாற்சந்தியில் நிற்கும்போது அது எவ்வாறு அணைந்துபோகாமல் நின்றது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்கள். பட்டறையில் காலங்கழித்த மெக்கானிக் எவரைக் கேட்டாலும், எஞ்சினை ஓட்டுவது பெரிய காரியமல்ல, வண்டி நிற்கையில் அதை நிதானமாக ஓடவிடுவதே வித்தை என்று சொல்வார். 'ஐட்லிங்' என்றும் 'ஸ்லோ' என்றும் அவர் குறிப்பிடும் அந்த நிலையில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய முழுவதும் மூடிக்கிடக்க, நிமிஷத்துக்கு 800 அல்லது 900 சுற்றுகள் மாத்திரம் சுழலும் எஞ்சின், தன் சொந்த உராய்வை வெல்வதற்குப் போதுமான சக்தியை மட்டும் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. கையிருப்பு ஏதுமில்லாத அந்தத் தருணத்தில் காற்றிலோ பெட்ரோலிலோ கடுகளவு ஏற்றத்தாழ்வு நேர்ந்தாலும், வண்டி முழுவதும் நடுங்கி அதைப் பிரகடனம் செய்துவிடும்.

1893-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் அமைத்த கார்புரேட்டர், விரைந்து செல்லும் காற்றே பெட்ரோலை நுண்துளை வழியாக உறிஞ்சித் தூவிக்கொள்ளும் என்ற எளிய தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டது. அந்தத் தத்துவத்திலேயே அதன் பலவீனமும் அடங்கியிருந்தது. தகடு மூடிக்கிடக்கும்போது காற்றுக்கு விரைவு ஏது? ஆகையால் பின்வந்த கார்புரேட்டர்களில், தகட்டின் விளிம்புக்கு அருகே ஸ்லோ ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு சிறு வழியைத் துளைத்து, கலவையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணியையும், தகட்டைச் சற்றே திறந்து நிறுத்த மற்றொரு திருகாணியையும் வைத்தார்கள். இவ்விரண்டு திருகாணிகளும் ஒரு கூர்மையான காதும் சேர்ந்து, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் ஒரு தொழிலைப் போஷித்து வந்தன. அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாட்களில் நம் ஊர்ப் பட்டறைகளிலும், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரைச் சுற்றும் கால் சுற்றுமாகத் திருகி 'டியூனிங்' செய்த நிபுணர்களுக்கு வைத்தியருக்குரிய மரியாதை இருந்தது.

பெட்ரோலைக் காற்றின் தயவில் விடாமல் அளந்து பீச்சுவதே சிறந்தது என்ற அபிப்பிராயம் புதிதன்று. 1954-இல் வெளிவந்த மெர்ஸிடஸ் 300 எஸ்.எல். காரிலும், 1957-இல் அமெரிக்காவின் கார்வெட்டிலும் யந்திரப் பம்புகளைக் கொண்ட இன்ஜெக்‌ஷன் முறை கையாளப்பட்டது. பெண்டிக்ஸ் நிறுவனத்தார் மின்னணு முறையில் அமைத்த 'எலெக்ட்ரோஜெக்டர்' 1958-இல் கிரைஸ்லர் கம்பெனியின் வண்டிகளில் சில டஜன்களுக்கு மாத்திரம் பொருத்தப்பட்டது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் பானெட்டுக்குள் நிலவிய உஷ்ணத்தைத் தாங்கமாட்டாமல் போகவே, அவற்றில் பெரும்பாலானவை மீண்டும் கார்புரேட்டருக்கே மாற்றப்பட்டன. கார்வெட்டின் சொந்தக்காரர்களிலும் பலர் அதே காரியத்தைச் செய்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறும் இன்றைய ஆர்வலர்கள், சரித்திரத்தின் முதல் மாற்றங்கள் நேர் எதிர்த் திசையில் நடந்தன என்பதை அறிந்தால் சற்று ஆறுதல் அடையலாம்.

பெண்டிக்ஸின் காப்புரிமையைத் தழுவி, ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 'டி-ஜெட்ரானிக்' என்ற முறையை 1967-இல் வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் புகுத்தினார்கள். கலிபோர்னியா ராஜ்யத்தின் புகைக் கட்டுப்பாடுகளே அதற்கு முக்கியமான தூண்டுகோல். த்ராட்டில் தகட்டுக்குப் பின்னே காற்று எஞ்சினுக்குச் செல்லும் குழாயான மேனிபோல்டில் நிலவும் அழுத்தத்தை ஒரு சென்சார் உணர்ந்து சொல்ல, மின்னணுப் பெட்டி அதற்கேற்ற அளவு பெட்ரோலைப் பீச்சும். ஐட்லிங்குக்கு ஒரு திருகாணி அதிலும் உண்டு. ஆனால் அது திறந்தது காற்றுக்குரிய ஒரு பக்கவழியை மாத்திரமே. கலவையின் பொறுப்பு திருகாணியிடமிருந்து பெட்டிக்குப் போய்விட்டது என்பதை உணராத மெக்கானிக்குகள், பழைய வழக்கப்படி திருகித் திருகி அலுத்துப்போனார்கள்.

இங்கேதான் மிகவும் சுவாரஸ்யமான ஒரு வியாதி தலைகாட்டிற்று. எங்கோ ஒரு ரப்பர் ஓஸ் வெடித்தோ, கேஸ்கட் தேய்ந்தோ உள்ளே திருட்டுத்தனமாகக் காற்று புகுந்தால், கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து எஞ்சின் அணையப் பார்க்கும். டி-ஜெட்ரானிக் வண்டியிலோ, அழுத்தம் கூடியதைக் கண்ட பெட்டி பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்க, எஞ்சின் வேகம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்ட நிலையில் எஞ்சின் வேகமாகச் சுழன்றால் வண்டி சரிவில் இறங்குவதாகக் கருதிப் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாடு ஒன்றும் அந்தப் பெட்டியில் இருந்தபடியால், வேகம் ஏறியவுடன் பெட்ரோல் நிற்கும். வேகம் இறங்கியவுடன் மீண்டும் பாயும். நின்ற இடத்திலேயே வண்டி பெருமூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 1974-இல் வந்த 'எல்-ஜெட்ரானிக்' முறையில், உள்ளே வரும் காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடலைக் கொண்டு காற்றின் அளவையே கணித்தார்கள். அங்கே மடலைக் கடந்தபின் கசிந்து நுழைந்த காற்று கணக்கில் வராமையால் கலவை மெலிந்து எஞ்சின் தள்ளாடிற்று. ஆயில் மூடி சரியாகப் பொருந்தாததும், டிப்ஸ்டிக் முழுவதும் இறங்காததுங்கூட ஐட்லிங்கைக் குலைக்கப் போதுமானவையாயின. ஒரே ஓட்டை, ஒரு முறையில் வேகத்தையும் மற்றொரு முறையில் மயக்கத்தையும் உண்டாக்கிற்று. வியாதிக்குக் காரணம் தேடுபவர், வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும் என்ற விதி அன்றே பிறந்துவிட்டது.

1976-இல் வோல்வோ வண்டிகளில் புகைக்குழாய்க்குள் பிராணவாயுவை உணரும் லாம்டா சென்சார் குடியேறிய பிறகு, அந்தச் சென்சாருக்கு முன்னே புகைக்குழாயில் ஏற்படும் கசிவும் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்ந்தது. வெளிக்காற்றின் பிராணவாயுவைக் கண்ட சென்சார் கலவை மெலிந்ததென்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும். எண்பதுகளில் ஐட்லிங் காற்றைக் கம்ப்யூட்டரே ஒரு சிறு மோட்டாரால் திறந்து மூடத் தொடங்கிற்று. சௌகரியந்தான், ஆனால் சிறு கசிவுகளைத் தன் சாமர்த்தியத்தால் அது மறைத்துவிடுவதால், வியாதி முற்றிய பின்பே வெளிப்பட்டது.

2001-இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்னும் அமெரிக்கர் இருவர், சுயமாகவே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளத்தக்க 'மெகாஸ்குவர்ட்' கம்ப்யூட்டரை வெளியிட்டதிலிருந்து, பழைய எஞ்சின்களை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுவது தனிமனிதர்களின் கைக்கு எட்டியது. கார்க் கம்பெனிகளின் பொறியாளர்கள் தீர்த்துவைத்த சிக்கல்களும் அதே கைகளுக்கு வந்து சேர்ந்தன. பந்தயத்துக்கான கேம்ஷாப்ட் உள்ள எஞ்சினில் மேனிபோல்டின் அழுத்தம் ஓயாமல் துடிப்பதால் சென்சாரின் சொல்லை நம்ப முடிவதில்லை. பெரிய இன்ஜெக்டரைப் பொருத்தினால், ஐட்லிங்குக்கு வேண்டிய சொற்பப் பெட்ரோலை அது ஒழுங்காக அளந்து விடுவதில்லை. இன்ஜெக்டர் திறப்பதற்கே ஒரு மில்லி செகண்டுக்கு அண்மையான நேரம் பிடிக்கிறது. ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கி பாட்டரியின் வோல்டேஜ் இறங்கினால் அந்தத் தாமதம் நீண்டு, கம்ப்யூட்டரில் அதற்குரிய திருத்தம் பதியப்படாவிட்டால் கலவை மெலிந்துவிடுகிறது. இவை எல்லாவற்றிலும் அதிகமாகக் காணும் தவறு, ஐட்லிங் குறைந்தவுடன் பழைய நினைப்பில் த்ராட்டிலின் நிறுத்துத் திருகாணியைத் திருகுவதே. தகடு திறந்திருப்பதாகச் சென்சார் தெரிவிக்கும். கம்ப்யூட்டர் ஐட்லிங் நிலையென்றே அறியாமல், தன் பொறுப்பைக் கைவிட்டுவிடும்.

1955 முதல் சென்னையோடு பந்தம் கொண்ட ராயல் என்பீல்டு புல்லட்டின் ரசிகர்கள், அதன் மெதுவான 'தட் தட்' ஓசைக்காகவே ஸ்லோவைக் குறைத்து வைத்து மகிழ்ந்தவர்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்ததோடு நம் நாட்டின் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டபடியால், அந்தச் சுதந்திரமும் திருகாணியோடு போயிற்று.

பழைய வண்டியை மாற்றியமைக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐட்லிங் தடுமாறினால் மடிக்கணினியைத் திறந்து எண்களைக் கலைக்கவேண்டாம். முதலில் ஓஸ்களையும் கேஸ்கட்டுகளையும் சோதித்துத் திருட்டுக் காற்றை அடைத்துவிடுங்கள், பிறகு த்ராட்டில் சென்சாரின் பூஜ்ய நிலையையும் பாட்டரியின் வோல்டேஜையும் பாருங்கள், அதன் பின்னரே பெட்ரோலின் கணக்கில் கைவையுங்கள்.