கெண்டை என்னும் பெயர்

ஆற்றிலும் ஏரியிலும் வயல் வாய்க்காலிலும் வெள்ளிக்காசு புரண்டாற்போல் மின்னித் திரியும் சிறுமீன்களைக் கெண்டை என்று நம்மவர் அழைத்து வருவது மிகப் பழைய வழக்கு. நாரைக்குத் தப்பி மூழ்கிய கெண்டை, அருகிலிருந்த தாமரை மொட்டைக் கண்டும் நாரையென்றே அஞ்சிய காட்சி குறுந்தொகையிலேயே வருதலின், இச்சொல்லின் தொன்மைக்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. கயலும் சேலும் கவிகளின் கைப்பட்டு மகளிர் கண்களாகிப் பேச்சு வழக்கினின்று பெரிதும் விலகிவிட, கெண்டை மட்டும் தூண்டிற்காரன் வாயில் நிலைபெற்றது. கெண்டைக்கால் என்கிறோமே, அதுவும் அம்மீனின் திரண்ட நடுவுடலை நினைந்து இட்ட பெயரென்றே நான் கருதுகிறேன்.

வடமொழியார் இத்தகைய பளபளக்கும் சிறுமீனைச் சபரீ என்பர். பாகவத புராணத்தில், திராவிட மன்னனாகிய சத்தியவிரதன் கிருதமாலை நதியில் ஜலதர்ப்பணம் செய்கையில் அவன் அங்கையில் ஏறி வந்து, பின்னர்ப் பிரளய வெள்ளத்தில் பெருவடிவெடுத்த மச்சாவதாரம், முதலில் ஒரு சபரீயாகவே தோன்றிற்று. கிருதமாலையை வைகை என்று கொள்வது மரபு.

இத்துணைப் பெருமை இருந்தும், மேனாட்டு மீனியலில் முதலில் ஏறியது வங்கத்துப் பெயரே. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன், வங்காளிகள் புன்ட்டி என்றதைப் புன்டியஸ் என்றும், நெல்வயலைச் சுட்டும் தானியை டானியோ என்றும் லத்தீனாக்கினார். அவர் சோலா என்று பெயரிட்ட கெண்டை ஒன்றைக் கண்டு சோழரை எண்ணி மகிழ வேண்டா. அதுவும் வங்கத்து மீனுக்கு இட்ட பெயரே. (மீன் பாண்டியன் இலச்சினை என்பதையேனும் நினைவு கொள்ளலாம்.)

புன்டியஸ் என்னும் ஒரே பெயரின்கீழ் நீண்ட காலம் அடைந்து கிடந்த தென்னாசியக் கெண்டைகளை, எலும்பமைப்பு, மீசை, மரபணு ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, இலங்கை ஆராய்ச்சியாளர் ரோஹன் பெத்தியகொடவும் அவர்தம் துணைவரும் 2012-இல் பிரித்தனர். சிங்களப் பேச்சுச் சொல்லிலிருந்து பெத்தியா, ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் பெயரால் டாக்கின்சியா, தென்னாட்டின் பெயரால் திராவிடியா என்னும் புதுப் பேரினங்கள் அப்போது தோன்றின. திராவிடியா என்பது ஓர் ஈயினத்துக்கு முன்பே சூட்டப்பட்டிருந்தமையால், விலங்குப் பேரினங்கள் இரண்டிற்கு ஒரே பெயர் கூடாதென்ற விதிப்படி, 2013-இல் அது ஹாலுதாரியா என்று மாற்றப்பட்டது. கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் ‘மிஸ் கேரளா’ மீனுக்கோ அதே ஆண்டில் சஹ்யாத்ரியா என்னும் தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. தாடையிற் பல்லின்றித் தொண்டையில் மட்டும் பல்லுடைய இப்பெருங்குடும்பத்தையே பல குடும்பங்களாக வகுக்கும் முறையும் அண்மையில் பரவி வருகிறது.

இங்கே நம் சொல்லோ எதிர்த்திசையில் விரிந்தது. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த ஐரோப்பிய மீன் சாதாக்கெண்டை ஆயிற்று. 1959-இல் இந்தியா வந்து சேர்ந்த சீனத்து மீன்கள் வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை ஆயின. இவையெல்லாம் உண்மையிலேயே கெண்டைக்கு உறவானவை. ஆதலின் மக்கள் வழக்கு பிழைபடவில்லை. ஆனால் உப்பங்கழிகளில் வளரும் பால்கெண்டையோ உருவொற்றுமையால் மட்டும் அப்பெயர் பெற்றது. கெண்டை என்று எவரும் அழைக்காத, மதுரைக் குழம்பால் புகழ்பெற்ற அயிரைதான், பால்கெண்டையைவிடக் கெண்டைக்கு நெருங்கிய சுற்றம்.

இத்தனை வரலாறு உடைய மீன்களின் பெயர்களுக்கு நம் அகராதிகள் ‘ஒருவகை மீன்’ என்று மட்டும் பொருள் எழுதி அமைந்துவிடுவது குறையே. சேல்கெண்டை, சாணிக்கெண்டை என ஊர்தோறும் வழங்கும் பெயர்களை, அவற்றுக்குரிய மீனைக் கண்ணாரக் கண்டு, விஞ்ஞானப் பெயரோடும் பதிவு செய்யும் பணியை அகராதிக்காரரும் மீனியலாரும் ஒருங்கே மேற்கொள்வார்களாக.